விட்டது தெரியும், பிடித்தது தெரியும்

திண்டுக்கல் மாவட்டத்து அணைகளில் எத்தனை மீன் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். விட்டதே அரசாங்கம்தானே.

மீன்குஞ்சு விடும் விழாவை நேரில் பார்க்காதவர்கள்கூட மறுநாள் பேப்பரில் பார்த்திருப்பார்கள். கரையில் பந்தல், பந்தலுக்குள் மைக். வேனிலிருந்து பிளாஸ்டிக் பைகள் இறங்கும். பைக்குள் கொஞ்சம் தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன், நடுவே திணறும் சில நூறு குஞ்சுகள். அமைச்சர் வந்தால் அமைச்சர், வராவிட்டால் எம்.எல்.ஏ., அவரும் வராவிட்டால் ஆட்சியர் ஒரு பையைக் கவிழ்ப்பார். பைக்கு இருப்பதோ நான்கு மூலை. படத்தில் பதினைந்து கைகள் அதைப் பிடித்திருக்கும். இத்தனை லட்சம் குஞ்சுகள் இருப்பு செய்யப்பட்டன என்று செய்தி வரும். எப்போதும் முழு எண்தான். குஞ்சை எண்ணும் முறை அப்படி: ஒரு கிண்ணத்தில் எத்தனை விழுகிறது என்று ஒருதரம் எண்ணுவார்கள், அப்புறம் கிண்ணத்தை எண்ணுவார்கள். முறையைக் குறை சொல்லவில்லை. கடைசிக் கிண்ணத்தோடு எண்ணுவதையே நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த லட்சத்தில் ஒன்றும் வேனில் சாவதில்லை. தண்ணீரில் விழுந்த கணத்தில் விராலின் வாய்க்குள் போவதில்லை. நீர்த்தேக்கத்தில் விடும் குஞ்சு பத்து சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும் என்று மீன்வள ஆராய்ச்சியாளர்கள் தொண்டை வறளச் சொல்லிவருகிறார்கள். அதற்குச் சின்னதாக விட்டால் அதற்குப் பெயர் இருப்பு செய்தல் இல்லை, விராலுக்கும் வாளைக்கும் அரசுச் செலவில் அன்னதானம். அடுத்த முறை விழாப் படம் வரும்போது அமைச்சரின் முகத்தை விட்டுவிட்டுப் பைக்குள் இருக்கும் குஞ்சின் நீளத்தைப் பாருங்கள். பக்கத்தில் அவருடைய விரல் இருக்கும், அளவுக்கு அது போதும்.

இது முதல் எண். இரண்டாவது எண் ஏலத்தில் கிடைப்பது.

குளமானால் மீன்பாசி குத்தகை. அணையானால் மீன்வளத் துறையோ மீன்வளர்ச்சிக் கழகமோ நேரடியாகப் பிடிக்கும், அல்லது குத்தகைக்கு விடும். குத்தகைத் தொகை ரூபாய் சுத்தமாகப் பதிவேட்டில் ஏறும். பிடித்த மீனின் எடையும் எங்கோ ஒரு நோட்டில் ஏறும். அந்த எடையை எழுதுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். குத்தகைதாரர் கூட்டிச் சொன்னால் அடுத்த ஏலம் எகிறும், ஆகவே அவர் குறைத்துத்தான் சொல்வார். அதிகாரி குறைத்துச் சொன்னால் இலக்கு எட்டவில்லை என்று மெமோ வரும், ஆகவே அவர் கூட்டித்தான் சொல்வார். இந்த இரண்டு பேரும் எங்கே கைகுலுக்குகிறார்களோ அந்த இடத்துக்கு நாட்டின் உள்நாட்டு மீன் உற்பத்திப் புள்ளிவிவரம் என்று பெயர்.

ஆக, போட்டதற்குச் சலான் இருக்கிறது, எடுத்ததற்குச் சலான் இருக்கிறது, பாஸ்புக் மட்டும் கிடையாது. இப்போது தண்ணீருக்குள் என்ன இருக்கிறது? எந்தெந்த இனம், என்ன வயது, எத்தனை முட்டையிடும் பருவத்தில்? போன வருடம் இருந்து இந்த வருடம் காணாமல் போனது எது? இதைத்தான் உலகம் மீன்வளக் கணக்கெடுப்பு என்கிறது. ஆத்தூர் காமராஜர் அணையில் நின்றோ, அய்யம்பாளையம் மருதாநதி அணையில் நின்றோ, பழனி வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு என்று வரிசையாகப் போய் நின்றோ கேட்டுப் பாருங்கள். அணையின் நீர்மட்டத்தை அடியிலும் அங்குலத்திலும் சொல்வார்கள். வினாடிக்கு வரத்து எத்தனை கனஅடி, வெளியேற்றம் எத்தனை கனஅடி என்றும் சொல்வார்கள். மீனைப் பற்றிக் கேட்டால் “நல்லா இருக்கும் சார், டேம் மீன் ருசியே தனி” என்பார்கள்.

எண்ணுவது முடியாத காரியமா என்றால், இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன் போடுகிற கணக்கு இது. இருநூறு மீனைப் பிடித்து, துடுப்பில் சின்னதாக அடையாளம் போட்டுத் திரும்ப விடு. சில நாள் கழித்து மறுபடி வலையை இறக்கு. நூறு மீன் கிடைத்து அதில் பத்துக்கு அடையாளம் இருந்தால், பத்தில் ஒரு பங்கை நீ முன்பே தொட்டிருக்கிறாய் என்று அர்த்தம். குளத்தில் சுமார் இரண்டாயிரம் மீன். பெரிய அணைகளில் இது லேசில் ஒத்துவராது. அங்கே வலைதான் கருவி. ஐரோப்பாவில் ஏரிகளுக்கென்று ஒரே நியமம் வைத்திருக்கிறார்கள்: முப்பது மீட்டர் செவுள் வலை, அதில் ஐந்து மில்லிமீட்டரில் தொடங்கி ஐம்பத்தைந்து வரை பன்னிரண்டு விதமான கண். பொடி மீனும் சிக்கும், கிழட்டு மீனும் சிக்கும். எந்த ஆழத்தில் எத்தனை வலை, எத்தனை மணி நேரம் என்பதற்கும் விதி உண்டு. இந்தத் தரமும் அடுத்த தரமும் ஒரே மாதிரி இறக்கினால், கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் போட்ட நீர்ச் சட்டத்தில் ஏரி, ஆற்று மீன்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறது. நமக்கு ஒலியலைக் கருவி வேண்டாம், தண்ணீரில் மரபணு தேடும் ஆய்வகமும் வேண்டாம். பரிசல் ஒன்று, பல கண் வலை சில, தராசு, அளவுப் பலகை, விலங்கியல் படித்து வேலையில்லாமல் இருக்கும் இரண்டு பேர். இவர்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பழனியில் கல்லூரி இருக்கிறது. விழாப் பந்தலின் வாடகையில் ஓர் அணைக்கு ஒரு சுற்று முடிந்துவிடும். 2020இல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு அறிவித்த தொகை 20,050 கோடி ரூபாய். அதில் ஒரு தராசு வாங்கக் காசில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

அரசாங்கத்துக்கு எண்ணத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அருமையாக எண்ணுவார்கள். வரையாட்டை எண்ணினார்கள். முகட்டிலும் செங்குத்துப் பாறையிலும் மேகத்துக்குள் நிற்கிற விலங்கு. கேரளத்தோடு சேர்ந்து நாள் குறித்து, குழு குழுவாக ஏறி, 2024இல் தமிழ்நாட்டில் 1,031 என்று கடைசி இலக்கம் வரைக்கும் சொன்னார்கள். மறு வருடம் மறுபடி ஏறி 1,303 என்றார்கள். வணங்குகிறேன், கேலியில்லை. பழனி மலை உச்சியில் நிற்கும் ஆட்டை எண்ண முடிந்த அரசுக்கு, அதே மலையின் காலடியில் கட்டிவைத்த தண்ணீரில் இருக்கும் மீன் ஏன் கண்ணில் படவில்லை? ஆடு யாருடைய ஆலைக் கழிவையும் குடித்துச் சாவதில்லை. ஆட்டை எண்ணினால் பெருமை மட்டும்தான் வரும். மீனை எண்ணினால் வழக்கு வரும்.

மேட்டூரைப் பாருங்கள். 1934இல் கட்டிய அணை. அங்கே 1940களிலிருந்து இனவாரியாகப் பிடிப்புப் பதிவு இருந்தது. அதனால்தான் காவிரியின் சொந்தப் பெருங்கெண்டை ஒன்று வலையில் குறைந்துகொண்டே போய்க் காணாமல் போனதையும், வெளியிலிருந்து கொண்டுவந்த கட்லா அந்த இடத்தில் உட்கார்ந்ததையும் பின்னால் வந்தவர்கள் ஆண்டு வாரியாகச் சொல்ல முடிந்தது. பதிவு இருந்த இடத்தில் இழப்பு என்று ஒன்று இருக்கிறது. திண்டுக்கல்லில் அப்படி ஒரு பதிவே இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. எதுவும் தொலையாத மாவட்டம்!

1873ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார டாக்டர், மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்தபோது, இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த நன்னீர் மீன்களைப் பற்றி ஓர் அறிக்கை அச்சிட்டார். கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் பக்கம் என்ன மீன், வலைக்கண் எத்தனை சிறிது, மீன் குறைந்திருக்கிறதா? தாசில்தார்கள் பதில் எழுதினார்கள். ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் அணைக்கட்டு மீனின் வழியை மறிக்கிறது என்று அப்போதே அவர் புலம்பினார். அவர் வந்தது நம் மீன்மேல் இருந்த பாசத்தினால் அல்ல. வரி கொடுக்கும் வாய்க்கு உணவு வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டார். 1897இல் அதே ஆட்சி, ஆற்றில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. 1907இல் சென்னையில் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துக்கென்று தனி அலுவலகம் வந்தது. கொள்ளையடிக்க வந்தவனுக்கே பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. சொந்தக்காரனுக்குத் தோன்றவில்லை.

இன்று ஒரு தாசில்தாரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். தண்ணீர் நீர்வளத் துறையுடையது. தண்ணீருக்குள் நீந்துவது மீன்வளத் துறையுடையது. தண்ணீர் வற்றினால் தெரியும் மண் வருவாய்த் துறையுடையது. குழாயில் ஏறிவிட்டால் மாநகராட்சியுடையது. நாற்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. மீன் செத்து மிதந்தால்? அது யாருடையதும் இல்லை. பிணம் கரை ஒதுங்கும் வரைக்கும் ஒரு துறையும் வராது. ஒதுங்கிய பிறகு எல்லாத் துறையும் சேர்ந்து வரும், தண்ணீர் பாட்டிலில் மாதிரி எடுக்க. மூன்றாம் நாள் காரணம் சொல்வார்கள்: ஆக்சிஜன் குறைவு. மூச்சு நின்றால் எந்த உயிரும் சாகும் ஐயா, மூச்சை நிறுத்தியது எது என்பதல்லவா கேள்வி! எத்தனை செத்தது என்று கேட்டால் “ஏராளமாக” என்பார்கள். இருந்ததே எத்தனை என்று தெரியாதபோது செத்ததற்கு மட்டும் எண் எங்கிருந்து வரும்.

இந்த “எண் இல்லை”யின் விலை என்ன என்று குடகனாற்றுக்காரனைக் கேட்க வேண்டும்.

பழனி மலையின் கீழ்த்தொடர்களில் பிறந்து, ஆத்தூர் வழியாக இறங்கி, திண்டுக்கல்லை உரசி, வேடசந்தூரைக் கடந்து, கரூர்ப் பக்கம் அமராவதியில் சேருகிற ஆறு. இதில் அழகாபுரியில் கட்டிய அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. தண்ணீர் ஏறுகிறது, மின்சாரம் நின்றுபோனது, ஷட்டரைப் பாதிதான் தூக்க முடிந்தது, கையால் சுற்றிப் பார்த்தார்கள், வெள்ளம் கரைக்கு மேலே வழிந்து அணையைக் கரைத்துக்கொண்டு போனது. அணைப் பாதுகாப்பைப் பற்றிய பாடங்களில் இன்றும் இதை உதாரணம் காட்டுகிறார்கள். பிறகு திருப்பிக் கட்டினார்கள். இப்போது அங்கே வேறு பிரச்சினை. அணை உடையும் பயம் போய், அணைக்குத் தண்ணீர் வருமா என்ற ஏக்கம் வந்துவிட்டது. மேலே ஆத்தூர்ப் பக்கத்து வாய்க்காலுக்கும் கீழே ஆற்றுக்கும் யாருக்கு எத்தனை பங்கு என்று விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள், குழு போட்டார்கள், குழு அறிக்கை கொடுத்தது. அந்தப் பங்கீட்டில் மீனுக்கு என்று ஒரு சொட்டுகூடக் கிடையாது. மீன் வாழக் கடைசியாக எத்தனை அடி தண்ணீர் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எத்தனை மீனுக்கு என்று எதிர்க்கேள்வி வந்திருக்கும்.

அப்புறம் தோல். திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகள் இந்த ஆற்றுப் படுகையிலும் குளங்களிலும் கிணறுகளிலும் உப்பையும் குரோமியத்தையும் பல பத்தாண்டுகள் இறக்கின. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் உறுதியாக நட்ட தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் இதைச் சொல்லாமல் சுற்றுச்சூழல் பாடம் நடக்காது. அதில் அன்றைய நம் திண்டுக்கல் அண்ணா மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அபராதம் பத்தாயிரம் ரூபாய். பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றும் சொன்னது. மகத்தான தீர்ப்புதான். ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமானால் இழந்ததற்கு அத்தாட்சி வேண்டும். நிலம் வைத்திருந்தவனிடம் பட்டா இருந்தது, ஏக்கர் இருந்தது. இந்தக் குளத்தில் இத்தனை விரால் பிடித்தேன், இத்தனை ஆரால் பிடித்தேன், இன்று வலையில் கழிவுதான் ஏறுகிறது என்று வந்து நிற்க வலைக்காரனிடம் என்ன இருந்தது? கை நாற்றம்கூட அதற்குள் போயிருக்கும். முன்பே ஒரே ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால் அந்தத் தாள்தான் அவனுடைய பட்டா. யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாமல் விட்டதால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் இது சோம்பேறித்தனம் மாதிரித் தெரியவில்லை. எண்ணாமல் இருப்பதும் ஒரு கொள்கைதான். அரசாணை எண் இல்லாத கொள்கை.

எண்ணாத வீட்டில் அழையாத விருந்தாளி வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. ஜிலேபி மீன் 1952இல் கடல் கடந்து வந்தது, ஏழைக்குப் புரதம் என்று நல்ல எண்ணத்தோடுதான். இன்று பழனிக்கு மேற்கே அமராவதி அணைக்குப் போனால் அணை யாருடையது என்று ஜிலேபியைத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பின்னால் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. தடை போட்டார்கள், தடையோடு சேர்ந்தே அது விற்கிறது. கண்ணாடித் தொட்டியைத் துடைக்க வாங்கி, வளர்ந்ததும் பயந்து குளத்தில் கொட்டிய தென்னமெரிக்க டேங்க் கிளீனர் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிகிறது. தின்னவும் ஆளில்லை, விற்கவும் வழியில்லை, வலை போன நட்டம் மீனவருக்கு. இவை திண்டுக்கல்லின் எந்த அணையில் எந்த வருடம் நுழைந்தன? அயிரை எந்த ஓடையிலிருந்து எப்போது போனது? குறவையை யார் கடைசியாகப் பார்த்தது? 1995இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக வி.வி. சுகுணன் இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றி எழுதிய நூலில், நாட்டுச் சராசரி ஹெக்டேருக்குச் சுமார் 20 கிலோ, சிறிய நீர்த்தேக்கங்களில் 50 கிலோ என்று வருகிறது. இன்றும் கருத்தரங்குகளில் அதே எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சுடவைத்துப் பரிமாறுகிறார்கள். அதுகூடப் பிடித்ததன் கணக்கு, இருப்பதன் கணக்கு இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்பீர்கள். தாராளமாக. இல்லாத தகவலை உருவாக்கித் தர அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதை நம் அலுவலகங்கள் சட்டம் வந்த 2005இலேயே மனப்பாடம் செய்துவிட்டன.

இந்த மாவட்டத்தில் நேர்மையான மீன் கணக்கெடுப்பு ஒன்றே ஒன்று நடக்கிறது. நத்தம், சாணார்பட்டிப் பக்கம் அறுவடை முடிந்து குளம் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழா. விடிவதற்கு முன்னால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் கூடும். பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக, சில பேர் வேட்டியையே வலையாக்கிக்கொண்டு, மொத்தச் சனமும் சேற்றில் இறங்கும். விற்கக்கூடாது, வீட்டில்தான் ஆக்க வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. இங்கே விரால் கிடைத்தது, அங்கே கெளுத்தி, போன தரம் ஆரால் வந்தது இந்தத் தரம் இல்லை, என்ன இவ்வளவு ஜிலேபி என்று கரையில் நிற்கும் பொம்பளைகள் சொல்லிவிடுவார்கள். இனவாரியாக, அளவுவாரியாக, முன்னாண்டு ஒப்பீட்டோடு. ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ஒரு ஊழியரை அந்தக் கரையில் நிறுத்தியிருந்தால் இந்நேரம் நம்மிடம் ஐம்பது வருடத் தரவு இருந்திருக்கும். ஊழியர் வருவதில்லை. போலீஸ்தான் வரும், கூட்டத்தை ஒழுங்குபடுத்த.

ஊர்க் குளத்துக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. கிராம சபை. முன்பு வருடத்துக்கு நான்கு, இப்போது ஆறு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கூட்ட வேண்டும் என்று அரசே சேர்த்திருக்கிறது. அன்றைக்குப் போங்கள். ஊராட்சி வரவு செலவு வாசிக்கும்போது மீன்பாசி குத்தகை என்று ஒரு வரி வரும். அப்போது எழுந்து, கும்பிட்டுவிட்டே கேளுங்கள்: நம் குளத்தில் இன்றைக்கு எத்தனை மீன் இருக்கிறது, என்னென்ன மீன்? செயலர் தலைவரைப் பார்ப்பார். தலைவர் குத்தகைக்காரரைப் பார்ப்பார். பதில் வரும். ரூபாயில் வரும், பைசா சுத்தமாக.